திறந்த மூலப் பணிசெயல் முறைமைகளும் அன்றாடப் பயனாளரும்: ஒரு வரலாற்று நோக்கு

கணினியின் வரலாறு எழுதப்பட்டுள்ள முறையை நோக்குமிடத்து, அது பெரும்பாலும் கண்டுபிடித்தோரின் வரலாறாகவும் விற்றோரின் வரலாறாகவுமே அமைந்திருத்தலைக் காணலாம். பயன்படுத்தியோர் அவ்வரலாற்றிலே தொகையாக வருகின்றனர், ஆளாக வருவதில்லை. திறந்த மூலப் பணிசெயல் முறைமைகளின் கதையும் இவ்வாறே இரண்டு மூன்று மேதைகளின் கதையாகச் சொல்லப்பட்டு வருகின்றது. எனினும், சான்றுகளைச் சற்று நெருங்கி நோக்குவோர்க்கு வேறொரு சித்திரம் புலப்படும். தட்டச்சாளர், அச்சுப்பொறிக்கு முன்னே காத்திருந்தோர், நூலொன்றை வாசிக்கத் தடைசெய்யப்பட்ட மாணவர், போதிய நினைவகம் இல்லாத கணினியை வைத்திருந்த ஒருவர் ஆகியோரின் தேவைகளே இம்முறைமைகளின் போக்கைப் பல இடங்களில் தீர்மானித்துள்ளன.

பணிசெயல் முறைமை என்பது கணினியின் வன்பொருளுக்கும் பயனாளர் இயக்கும் செய்நிரல்களுக்கும் இடையே நின்று, நினைவகத்தையும் வட்டுக்களையும் அச்சுப்பொறியையும் பங்கிட்டு வழங்கும் அடிப்படை மென்பொருளாகும். மனிதர் வாசிக்கத்தக்க வடிவில் எழுதப்படும் அதன் மூலநிரல், பொறிக்குரிய வடிவாக மாற்றப்பட்ட பின்னரே கணினியில் இயங்கும். மாற்றப்பட்ட வடிவை மட்டும் பெற்றவர் அதனைப் பயன்படுத்தலாம். அது எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை அறிவதும் பிழை கண்டவிடத்துத் திருத்துவதும் அவருக்கு ஏறக்குறைய இயலாதனவாகும். மூலநிரலைக் கையளிப்பதா மறைப்பதா என்ற வினா அரை நூற்றாண்டு கால வழக்காக நீண்டமைக்கு இதுவே காரணம்.

ஐக்கிய அமெரிக்காவின் நியூ யேர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் 1969ஆம் ஆண்டு கோடையிலே யுனிக்ஸ் தோன்றியது. மல்றிக்ஸ் என்னும் பெருந்திட்டத்திலிருந்து ஆய்வுகூடம் அவ்வாண்டு விலகியிருந்தது. திட்டத்திலே பணியாற்றிய கென் தொம்சன், பயன்பாடு குறைந்து கிடந்த பீ.டீ.பி–7 என்னும் சிறுகணினியொன்றில், மனைவி குழந்தையுடன் உறவினரிடம் சென்றிருந்த ஏறத்தாழ ஒரு மாத காலத்துள், முறைமையின் முக்கிய பகுதிகளுக்கு ஒவ்வொரு வாரமாக ஒதுக்கி எழுதி முடித்தார். இச்செய்தி பலரும் அறிந்தது. பலரும் கூறாது விடுவது அடுத்து நிகழ்ந்தது. தொம்சனும் டெனிஸ் றிச்சியும் அவரது தோழர்களும் பெரிய கணினியொன்றை வாங்கித் தருமாறு விடுத்த வேண்டுகோள்கள் மறுக்கப்பட்டிருந்தன. ஆவணங்களைத் தயாரிக்கும் முறைமையொன்றை ஆக்கித் தருவதாகக் கூறிய பின்னரே பீ.டீ.பி–11 கணினி அவர்களுக்குக் கிடைத்தது. எனவே வாக்கை நிறைவேற்றவேண்டியதாயிற்று. 1971ஆம் ஆண்டின் பிற்பாதியில் ஆய்வுகூடத்தின் காப்புரிமைப் பிரிவைச் சேர்ந்த மூன்று தட்டச்சாளர் நாள் முழுதும் அக்கணினியிலே விண்ணப்பங்களைத் தட்டச்சிட்டும் திருத்தியும் ஒழுங்குபடுத்தியும் வந்தனர். அதே கணினியில், அதே வேளையில், முறைமையை ஆக்கியோரும் தம் பரிசோதனைகளை நடத்தினர். ஒரு செய்நிரலின் நினைவகத்தை மற்றொன்றிலிருந்து காக்கும் வசதி அக்கணினியில் இல்லை. ஒருவரது தவறு எல்லாருடைய வேலையையும் வீழ்த்திவிடும். வட்டோ அரை மெகாபைற்று அளவினது. சில மணி நேரத் தட்டச்சு நிறைந்ததும் அதனை நாடாவுக்கு மாற்றவேண்டியிருந்தது. யுனிக்சின் முதல் அன்றாடப் பயனாளர் கணித வல்லுநரல்லர், அலுவலகத் தட்டச்சாளரே என்பதும், பிறரின் வேலை கெடாவண்ணம் தொழிற்படவேண்டும் என்ற கட்டுப்பாடு தொடக்கத்திலேயே அம்முறைமைக்கு வாய்த்தது என்பதும் ஈண்டு நோக்கற்பாலன.

யுனிக்ஸ் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றமைக்குக் காரணம் எவருடைய தாராள மனமுமன்று. ஒரு சட்டத்தடையே எனலாம். பெல் ஆய்வுகூடத்தை உடைய அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் தொலைபேசிச் சேவைக்குப் புறம்பான வணிகத்தில் ஈடுபடுவதை 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற இணக்கத் தீர்ப்பொன்று தடுத்திருந்தது. விற்பனைப் பொருளாக்க முடியாத யுனிக்ஸ், மூலநிரலுடன் சிறு கட்டணத்திற்குப் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்டது. 1973இல் அதன் பெரும்பகுதி சி மொழியிலே திருப்பி எழுதப்பட்டது. 1974 ஜூலையில் தொம்சனும் றிச்சியும் அதுபற்றி எழுதிய கட்டுரை வெளிவந்தது. அதன் பின்னர் கேள்வி பெருகியது. நிறுவனம் பழுது நீக்கித் தரும் பொறுப்பை ஏற்கவில்லை. பயனாளர் தாமே பழுதுபார்த்து, பார்த்ததைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளவேண்டியிருந்தது. பின்னாளில் ஒரு கொள்கையாகப் போற்றப்பட்ட பழக்கம், விற்றவர் உதவாமையினால் நேர்ந்த நிர்ப்பந்தமாகவே பிறந்தது.

இவ்விடத்தே அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஜோன் லயன்சின் பணி தனித்துக் குறிப்பிடத்தக்கது. பணிசெயல் முறைமை பற்றிய பாடத்தை அக்காலத்துப் பல்கலைக்கழகங்கள் கொள்கையளவிலேயே கற்பித்தன. முழுமையான ஒரு முறைமையை வரிவரியாக வாசித்தே மாணவர் அதனை அறியவேண்டும் என லயன்ஸ் கருதினார். யுனிக்சின் ஆறாம் பதிப்பினது கருப்பகுதி பத்தாயிரம் வரிக்கும் குறைவானது. ஒரு மாணவன் ஒரு கல்வியாண்டில் வாசித்து முடிக்கத்தக்கது. அம்மூலநிரலையும் அதற்குத் தாம் எழுதிய விளக்கவுரையையும் 1977இல் இரு தொகுதிகளாக அவர் ஆக்கினார். மூலபாடமும் உரையுமாகக் கற்கும் மரபினை நன்கறிந்த தமிழ் மாணவருக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. ஆனால் 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பறையிலே கற்பிப்பதைத் தடைசெய்தது. லயன்சின் உரை உரிமம் பெற்ற நிறுவனங்களின் எல்லைக்குள் முடங்கியது. மாணவர் அதனை ஒளிப்படப் பிரதியெடுத்தனர். பிரதியின் பிரதியைப் பிரதியெடுத்தனர். எழுத்து மங்கி வாசிக்க இயலாத நிலைவரை அது கைமாறியது. சட்டப்படி அந்நூல் வெளியிடப்பட்டது 1996ஆம் ஆண்டிலே. இரண்டு ஆண்டுகளின் பின் லயன்ஸ் காலமானார். ஒரு துறையின் மிகச் சிறந்த பாடநூல்களுள் ஒன்றைப் பத்தொன்பது ஆண்டுகள் களவாகவே வாசிக்க நேர்ந்தமை கல்வி வரலாற்றிலே அரிதான நிகழ்ச்சியாகும்.

இதே காலப்பகுதியில் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் ஓர் அச்சுப்பொறி தகராறு செய்துகொண்டிருந்தது. முன்னர் அங்கிருந்த அச்சுப்பொறியில் தாள் சிக்கினால், அச்சிடக் காத்திருப்போரின் திரைகளிலே அறிவித்தல் தோன்றுமாறு றிச்சாட் ஸ்ரோல்மன் அதன் மென்பொருளைத் திருத்தியிருந்தார். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது மூலநிரல் ஒன்றே. 1980ஆம் ஆண்டளவில் வந்த புதிய அச்சுப்பொறியுடன் மூலநிரல் வரவில்லை. தாள் சிக்கிக் கிடப்பதை அறியாது பலர் நெடுநேரம் காத்திருந்தனர். மூலநிரல் வைத்திருந்த மற்றொரு பல்கலைக்கழகத்தவரை அவர் நேரிற் சென்று கேட்டபோது, எவர்க்கும் தருவதில்லை எனத் தாம் ஒப்பமிட்டிருப்பதாக அவர் மறுத்தார். பிற்காலத்தில் ஸ்ரோல்மன் இந்நிகழ்ச்சியைப் பல மேடைகளில் விரித்துரைத்துள்ளார். திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதைகள் பெறும் மெருகினை இதுவும் பெற்றிருக்கலாம். ஆயினும் அதன் உட்பொருள் மறுக்கத்தக்கதன்று. கருவி கையில் இருந்தும், அதனைத் திருத்தும் அறிவு இருந்தும், உரிமை இல்லாமையால் திருத்த முடியாத நிலை அது.

1983 செத்தெம்பரில் ஸ்ரோல்மன் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார்; அடுத்த தையில் தம் பதவியையும் துறந்தார். யுனிக்சுக்கு ஒத்ததாயினும் அதன் ஒரு வரியையும் கொள்ளாத முழுமையான முறைமையொன்றை ஆக்கி எல்லார்க்கும் வழங்குவதே நோக்கம். 1985இல் கட்டற்ற மென்பொருள் நிறுவகம் தோன்றியது. தம் செய்நிரல் அடங்கிய நாடாவொன்றை 150 டொலருக்கு விற்றே அவர் அக்காலத்திலே சீவனம் நடத்தினார். இங்கே ‘கட்டற்ற’ என்பது ‘இலவசம்’ என்பதனோடு மயங்கற்பாலதன்று. ஆங்கிலத்தில் இரு கருத்துக்கும் ஒரே சொல் வழங்குவதால் அங்கு இடைவிடாத விளக்கங்கள் தேவைப்பட்டன. தமிழில் அவ்விடர்ப்பாடு இல்லை. 1989இல் வெளிவந்த பொது உரிமமே இத்திட்டத்தின் நிலைத்த சாதனை எனல் வேண்டும். எவரும் செய்நிரலைப் பயன்படுத்தலாம், ஆராயலாம், மாற்றலாம், பகிரலாம். ஆனால் பிறர்க்கு வழங்கும்போது மூலநிரலையும் அதே உரிமைகளையும் சேர்த்தே வழங்கவேண்டும். ஆக்கியோரின் உரிமையைக் காக்க எழுந்த பதிப்புரிமைச் சட்டத்தைக் கொண்டே பயனாளரின் உரிமையைக் காத்த இவ்வுபாயம் சட்ட வரலாற்றில் விரிவாக ஆராயத்தக்கது. எனினும் 1990ஆம் ஆண்டுவரை குனூவுக்குத் தொகுப்பியும் பதிப்பியும் ஏனைய கருவிகளும் இருந்தனவேயன்றி, முறைமையின் கருப்பகுதி மட்டும் கைகூடவில்லை.

அக்குறையை நிரப்பியவர் ஒரு மாணவர். ஏழாம் பதிப்பின் தடையால் வகுப்பறையில் வாசிக்க முறைமை எதுவும் இன்றிப்போனபோது, ஆம்ஸ்ரடாமில் கற்பித்த அன்ட்ரூ தனென்பாம் மினிக்ஸ் என்னும் சிறு முறைமையைத் தாமே எழுதி, அதன் மூலநிரலை 1987இல் வெளியிட்ட பாடநூலின் பின்னிணைப்பாக அச்சிட்டார். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினுஸ் தோர்வால்ட்ஸ் 1990இல் அந்நூலை வாசித்தார். அங்கிருந்த யுனிக்ஸ் கணினியில் ஒரே வேளையில் பதினாறு பேரே பணியாற்றலாம், ஏனையோர் காத்திருக்கவேண்டும். 1991 தை மாதத்தில் அவர் தவணைக் கடனில் ஒரு கணினியை வாங்கினார். நான்கு மெகாபைற்று நினைவகமுடைய அக்கணினியிலிருந்து பல்கலைக்கழகக் கணினியுடன் தொடர்புகொள்ள அவர் எழுதிய சிறு செய்நிரலே படிப்படியாகப் பணிசெயல் முறைமையாக வளர்ந்தது. ஓகஸ்ட் 25ஆந் திகதி மினிக்ஸ் பயனாளர்க்கு எழுதிய மடலில், இது பொழுதுபோக்கே, குனூவைப்போற் பெரிதாக வளராது எனக் கூறி, மினிக்சிலே அவர்கள் விரும்புவதும் வெறுப்பதும் யாவை என வினவியிருந்தார். ஒரு நாள் மொடெத்தை அழைப்பதற்குப் பதிலாகத் தவறுதலாக வன்வட்டையே அழைத்து, அதிலிருந்த மினிக்சை அழித்துவிட்டார். அதனை மீள நிறுவாது தமது முறைமையிலேயே தங்கிவிட அவர் துணிந்தார். அத்தவறு நேராதிருப்பின் அவர் இன்னுஞ் சிறிது காலம் இரு முறைமைகளுக்கும் இடையே தடுமாறியிருத்தல் கூடும்.

லினக்சின் வளர்ச்சியில் பயனாளர் பெற்ற இடத்தை ஒரு சிறு நிகழ்ச்சி நன்கு காட்டுகின்றது. 1991ஆம் ஆண்டின் இறுதியில் ஜேர்மனியிலிருந்து ஒருவர் தம் கணினியில் இரண்டு மெகாபைற்று நினைவகமே உள்ளதென்றும், லினக்சைத் தொகுக்க அது போதவில்லை என்றும் அறிவித்தார். தோர்வால்ட்சின் கணினிக்கு அக்குறை இல்லை. ஆயினும் நத்தார் விடுமுறையிலே அவர் அமர்ந்து, நினைவகம் நிறைந்தவிடத்து அதன் பகுதிகளை வட்டுக்கு மாற்றி வைக்கும் வசதியை எழுதிச் சேர்த்தார். மினிக்சில் அவ்வசதி இருக்கவில்லை. வறிய கணினியொன்றை உடைய, அவர் நேரிற் கண்டிராத ஒருவருக்காக எழுதப்பட்ட அப்பகுதியே பலரை மினிக்சிலிருந்து லினக்சுக்கு இழுத்தது. அடுத்து வந்த 0.12ஆம் பதிப்புடன் லினக்ஸ் குனூவின் பொது உரிமத்தை ஏற்றது. முந்திய உரிமத்தில் பணம் பெறுவது முற்றாகத் தடுக்கப்பட்டிருந்தது. நெகிழ்வட்டுக்களிற் பிரதிசெய்து வழங்கியோர் வட்டின் விலையையேனும் பெற அனுமதிக்குமாறு கேட்டமையே அம்மாற்றத்திற்கு வழிவகுத்தது. கருவும் கருவிகளும் இவ்வாறு இணைந்தன. பேர்க்கிலியில் வளர்ந்த யுனிக்ஸ் மரபு அப்போது வழக்கொன்றிற் சிக்கி 1992 தொடக்கம் 1994வரை முடங்கியிருந்தமையும் லினக்சுக்கு வாய்ப்பாயிற்று. அன்றேல் இக்கட்டுரையின் நாயகன் வேறொன்றாக இருந்திருக்கலாம்.

இதுவரை கூறப்பட்டவை வல்லோரின் கதை. சாதாரண ஒருவருக்கு 1990களில் லினக்ஸ் என்பது எளிதான பொருளாக இருக்கவில்லை. 1993 ஜூலையில் வெளிவந்த ஸ்லக்வெயார் தொகுப்பு 24 நெகிழ்வட்டுக்களைக் கொண்டது. அவற்றுள் ஒன்று பழுதாயின் நிறுவல் இடைநடுவில் நின்றுவிடும். சாளரங்களைத் திரையிலே காண விரும்பியவர் தம் கணினித்திரையின் அலைவெண்களைத் தாமே கண்டறிந்து எழுதவேண்டும். பிழையான எண் திரையையே பழுதாக்கக்கூடும் என்ற எச்சரிக்கையும் கூடவே இருந்தது. மலிவான மொடெங்கள் வின்டோசின் துணையின்றி இயங்கா. 1996இல் கேடீஈ திட்டமும் 1997இல் க்னோம் திட்டமும் தொடங்கப்பட்ட பின்னரே கட்டளைகளை மனனஞ் செய்யாதவரும் அணுகத்தக்க மேசைத்தளம் உருவாயிற்று. கேடீஈயைத் தொடங்கிய மத்தியாஸ் எற்றிக், தம் தோழியும் பயன்படுத்தக்கூடிய ஒன்றையே நாடியதாகக் கூறியுள்ளார். மூலநிரல் திறந்திருந்தமையால், சந்தை சிறிதெனக் கருதி நிறுவனங்கள் புறக்கணித்த மொழிகளிலும் இவற்றின் பட்டியல்கள் பெயர்க்கப்பட்டன. தமிழும் அவற்றுள் ஒன்று. எவரது அனுமதியையும் எதிர்பாராது தொண்டர் சிலர் ஓய்வுநேரத்திலே செய்த பணி அது. கலைச்சொற்கள் ஒருசீராக அமையவில்லை என்ற குறை அதில் உண்டு. அது தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தின் பொதுக் குறையேயாம். 2004 ஒக்டோபரில் உபுண்டு வெளிவந்தது. கேட்டவர்க்கெல்லாம் உலகின் எப்பகுதிக்கும் தபாற்செலவின்றி இறுவட்டுக்கள் அனுப்பப்பட்டன. 2011வரை அச்சேவை நடைபெற்றது. இணையத் தொடர்பு மெதுவாகவும் செலவு மிக்கதாகவும் இருந்த நாடுகளில் அத்தபாலுறையின் பெறுமதி பெரிது.

இலங்கைக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடமுண்டு. 2004 மார்கழி 26ஆந் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவுசெய்ய முறையான ஏற்பாடு இருக்கவில்லை. இந்நாட்டின் கணினித்துறைத் தொண்டர்கள் சில வாரங்களுள் சகனா என்னும் மென்பொருளை ஆக்கினர். திறந்த மூலக் கருவிகளைக் கொண்டே அது எழுதப்பட்டது. அதுவும் திறந்த மூலமாகவே வழங்கப்பட்டது. அனர்த்தத்தின் நடுவே உரிமக் கட்டணத்தையும் அனுமதியையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்க நேரவில்லை. 2005இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அங்கும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன்பாட்டு விருதைக் கட்டற்ற மென்பொருள் நிறுவகம் சகனாவுக்கு அளித்தது.

அரச அலுவலகங்கள் இம்முறைமைகளை ஏற்ற வரலாறு இத்துணை மகிழ்ச்சிகரமானதன்று. ஜேர்மனியின் மியூனிக் மாநகரசபை 2003இல் லினக்சுக்கு மாறத் தீர்மானித்தது. மைக்ரோசொஃப்ற்றின் தலைமை நிர்வாகி தம் விடுமுறையை இடைநிறுத்தி மாநகர முதல்வரைச் சந்தித்தும் தீர்மானம் மாறவில்லை. 2013ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாற்றப்பட்டிருந்தன. ஆயினும் ஊழியரின் முறைப்பாடுகள் ஓயவில்லை. வெளியிலிருந்து வந்த ஆவணங்கள் உருக்குலைந்து திறந்தன. சில துறைகளின் சிறப்பு மென்பொருள்கள் வின்டோசில் மட்டுமே இயங்கின. அவற்றுள் எத்துணை லினக்சின் குறை, எத்துணை நிர்வாக ஒழுங்கின்மையின் விளைவு என்பதில் ஆய்வாளர் ஒருமித்த கருத்துடையரல்லர். 2017இல் சபை வின்டோசுக்கு மீளத் தீர்மானித்தது. 2020இல் அமைந்த புதிய கூட்டணி திறந்த மூலத்துக்கே முன்னுரிமை என அறிவித்தது. இதற்கு மாறாகக் கேரள மாநிலத்தின் பாடசாலைத் திட்டம் நிலைபெற்றது. 2001இல் தொடங்கிய அத்திட்டம் சில ஆண்டுகளுள் முற்றாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்து, அவ்வாசிரியரைக் கொண்டே பாடசாலைகளுக்குரிய தொகுப்பை அமைத்தமை அதன் சிறப்பு. மியூனிக்கின் எழுதுவினைஞர்க்கு முறைமை மேலிருந்து வழங்கப்பட்டது. கேரளத்தின் ஆசிரியர் அதனைத் தாமே ஆக்கியோராயினர். இரண்டினதும் வேறுபாட்டை விலைப்பட்டியலிலே தேடுவோர் காணமாட்டார்.

இன்று லினக்சின் கருவைக் கொண்டு இயங்கும் பொறிகளுட் பெரும்பாலானவற்றின் உரிமையாளர் அதன் பெயரையே அறியார். 2008 முதல் விற்பனைக்கு வந்த அன்றொயிட் தொலைபேசிகளும், வீடுகளில் இணையத்தைப் பகிரும் சிறு பெட்டிகளும், தொலைக்காட்சிகளும் அதனையே தாங்கியுள்ளன. இவற்றுட் பலவற்றில் மூலநிரலைச் சட்டப்படி பெறலாம், திருத்தவும் செய்யலாம், ஆனால் திருத்திய வடிவைப் பொறி ஏற்காதவாறு உற்பத்தியாளர் பூட்டி வைத்திருப்பர். இத்தகைய பூட்டைத் தடுக்கும் விதியொன்றைச் சேர்த்து 2007இல் பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வெளியிடப்பட்டது. மென்பொருளைப் பகிர்வதே தாம் வேண்டுவது என்றும், பொறியை அமைப்பவர் அதனை எவ்வாறு அமைப்பது என்பதில் தாம் தலையிடுவதற்கில்லை என்றும் கூறித் தோர்வால்ட்ஸ் அதனை ஏற்க மறுத்தார். லினக்சின் கரு இரண்டாம் பதிப்பின் கீழேயே இன்றும் வழங்கப்படுகின்றது.